நின்ற இடத்தில் ஓடிய சைக்கிள்

அண்ணன் இறந்த பிறகு, தோட்டத் தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டியிருக்கும் எங்கள் லயத்தில் ஒருவரும் எங்கள் வாசல் பக்கம் வருவதில்லை. விடியற்காலையில் ரப்பர் மரங்களில் பால் வெட்டப் போகிறவர்கள்கூட வாளியைத் தூக்கிக்கொண்டு பின்பக்கத்துச் சேற்றில் இறங்கிச் சுற்றிப் போனார்கள். எங்கள் இஸ்தோப்பில் நின்ற மெஷினுக்குப் பயந்துதான் அப்படிச் செய்தார்கள்.

லயத்தில் ஒரு குடும்பம் இருக்கும் காம்பராவின் முன்னால் உள்ள ஒடுங்கிய தாழ்வாரத்தைத்தான் நாங்கள் இஸ்தோப்பு என்போம். அண்ணன் அதைப் பலகை அடித்து மறைத்து, ஒரு சின்ன அறையாக்கி, தன் ரேஸ் சைக்கிளை அதற்குள் நிறுத்தியிருந்தான். அந்தச் சைக்கிளுக்குப் பின்சக்கரம் கிடையாது. பின்சக்கரம் இருக்கவேண்டிய இடத்தில் கறுப்பு நிறத்தில் கனமான ஓர் இரும்புச் சாதனம் உட்கார்ந்திருக்கும். சங்கிலி அதன் பல்லில் மாட்டியிருக்கும். மிதித்தால் உள்ளே ஒரு சக்கரம் சுழலும், காந்தம் அதைப் பிடித்து இழுக்கும். எவ்வளவு இழுக்க வேண்டும் என்று போனில் சொல்லிவிட்டால் போதும், மேடு ஏறுவதுபோலவே கால் கனக்கும். நாம் மிதிக்கும் பலத்தை அது வாட் கணக்கில் போனுக்கு அனுப்பும். பல்பில் எழுதியிருக்கும் அதே வாட்தான். முதல் நாள் அண்ணன் ஏறி மிதித்துக் காட்டிவிட்டு, "நம்ம வீட்டு பல்பு அத்தனையையும் நான் ஒரே ஆளா எரிச்சிருவேன் பாப்பா" என்றான். எங்கள் வீட்டில் மொத்தம் மூன்று பல்புகள்தான் இருந்தன.

அண்ணன் எஹலியகொடையில் டயர் கடை ஒன்றில் வேலை செய்தான். சித்திரைப் புத்தாண்டு வந்தால் சுற்றியிருக்கும் கிராமங்களில் எல்லாம் சைக்கிள் ரேஸ் நடக்கும். யாரிடமாவது இரவல் வாங்கிய சைக்கிளில் போய், சிங்களப் பையன்களுக்கு நடுவில் ஓடி, ஒவ்வொரு வருஷமும் ஒரு வாளியோ பாய்க்கட்டோ குடையோ பரிசாகக் கொண்டுவருவான். அப்படி ஒரு ரேஸில் பார்த்துத்தான் கொழும்பிலிருந்து ஒரு கிளப் அவனைச் சேர்த்துக்கொண்டது. அந்தக் கிளப்பில் இருந்த ஒருவர் குடும்பத்தோடு வெளிநாடு போகும்போது இந்த மெஷினை அவனுக்குக் கொடுத்துவிட்டுப் போனார். எங்கள் பக்கத்தில் பின்னேரமானால் மழை. மழை இல்லாத நாளில் மெயின் ரோட்டில் மணல் லொறி. அதனால் வேலை விட்டு வந்ததும் இஸ்தோப்பில் ஏறி உட்கார்ந்துவிடுவான். அடுத்தடுத்த காம்பராக்களுக்கெல்லாம் அந்த ரீங்காரம் கேட்கும். கொஞ்ச நாளில் எல்லோருக்கும் அது பழகிவிட்டது. "ஒங்க மகன் பறக்க ஆரம்பிச்சிட்டான்" என்பாள் பக்கத்துக் காம்பரா அத்தை. சொந்த அத்தை இல்லை, சுவர் ஒன்றாக இருப்பதால் வந்த உறவு.

கடைசி வருஷத்தில்தான் அவனுக்கு அந்த மெஷின்மேல் சந்தேகம் வந்தது.

வாரத்தில் ஒரு நாள் அவன் தன்னைத்தானே சோதித்துப் பார்ப்பான். ஒரே கியர், ஒரே பாரம், இருபது நிமிஷம். மார்பில் ஒரு பட்டையைக் கட்டி நெஞ்சுத் துடிப்பையும் அளந்தபடி, அதில் வரும் சராசரி வாட் எவ்வளவு என்று பார்ப்பான். இருநூற்று நாற்பதுக்கு மேல் வந்துகொண்டிருந்தது இருநூற்றிருபதானது. பிறகு இருநூறைத் தொடவே முக்கினான்.

"மெஷின் பொய் சொல்லுது பாப்பா," என்றான் என்னிடம். "நான் அதே மாதிரித்தான் மிதிக்கிறேன். நெஞ்சு அதே மாதிரித்தான் அடிக்குது. இது மட்டும் கொறச்சுக் காட்டுது."

அந்த மெஷினைச் சரிபார்க்க ஒரு வழி உண்டு. வேகமாக மிதித்து உச்சத்துக்குக் கொண்டுபோய், சட்டென்று காலை நிறுத்திவிட வேண்டும். சக்கரம் தானாக ஓய்ந்து நிற்க எவ்வளவு நேரம் எடுக்கிறது என்பதை வைத்து மெஷின் தன்னைத்தானே திருத்திக்கொள்ளும். அதை ஒவ்வொரு நாளும் செய்தான். பிறகு சங்கிலியை மாற்றினான். பற்களைப் பெட்ரோலில் கழுவினான். லயத்துக் கரண்ட் சரியில்லை, வோல்டேஜ் குறைகிறது என்று ஒரு ஸ்டெபிலைசர் வாங்கி வந்தான். மெஷின் சூடாகிறது என்று ஃபேனை அதன் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, அவன் வியர்வையில் குளித்துக்கொண்டு மிதித்தான். அவனைப் பார்த்தால் யாரும் நோயாளி என்று சொல்லமாட்டார்கள். தொடையெல்லாம் பலாமரத்து வேர்போல் இறுகியிருக்கும். அதனால் அவன் சொன்னதை நானும் நம்பினேன், கிளப்பில் இருந்தவர்களும் நம்பினார்கள்.

ஒரு பின்னேரம் மழை விட்டிருந்தது. நான் அவிசாவளைக்குப் பக்கத்தில் ஒரு கார்மென்ட்ஸில் வேலையில் இருந்தேன். அம்மா மட்டும் வீட்டில். அண்ணன் பாதியிலேயே இறங்கி, வாசல் படியில் உட்கார்ந்து, "அம்மா, ஒரு பிளேன்டீ தாங்க" என்று கேட்டிருக்கிறான். அம்மா ஊற்றிக்கொண்டு வந்தபோது, கதவு நிலையில் தலையைச் சாய்த்தபடி இருந்தானாம். தூங்குகிறான் என்று நினைத்து அம்மா தேத்தண்ணீரை ஆறவிடக் கூடாதென்று சாசரால் மூடி வைத்திருக்கிறாள். உள்ளே ஃபேன் காற்று மெஷின்மேல் வீசிக்கொண்டே இருந்திருக்கிறது.

பிரேதப் பரிசோதனை செய்த டாக்டர் என்னைக் கூப்பிட்டுச் சிங்களத்தில் சொன்னார். அண்ணனின் இதயத் தசை அளவுக்கு மீறித் தடித்திருக்கிறதாம். இது குடும்பத்தில் வரக்கூடியது, நீங்களும் அம்மாவும் கட்டாயம் காட்டிக்கொள்ள வேண்டும் என்றார். நான் தலையாட்டினேன். பெட்டி வரவேண்டும், சொந்தக்காரர்களுக்குச் சொல்லவேண்டும், மழைக்குக் கூடாரம் அடிக்கவேண்டும். அவர் சொன்னது எனக்குள் எங்கோ போய் விழுந்து கிடந்தது.

அம்மாவுக்குச் சந்தேகமே இல்லை. "அந்த மெஷின்தான் அவன இழுத்துக்கிச்சு," என்றாள் வந்தவர்களிடமெல்லாம். "நாளுக்கு நாளு கூடுதலா கேட்டுச்சு. அவனும் குடுத்துக்கிட்டே இருந்தான். பத்தலன்னு சொல்லிச்சு. கடைசில உசுரையே எடுத்துக்கிச்சு." அதைக் கேட்டவர்கள்தான் வாசலைச் சுற்றிப் போக ஆரம்பித்தார்கள். பின்னேரத்தில் ரீங்காரம் கேட்பதாகவும் சிலர் சொன்னார்கள். அம்மா மெஷின்மேல் ஒரு பழைய சேலையைப் போர்த்தி வைத்தாள். அதைக் கொண்டுபோய் ஆற்றில் போட்டுவிட்டு வரும்படி என்னிடம் பலமுறை சொன்னாள். நான் இன்றைக்கு நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே போனேன்.

வருஷத் திவசம் முடிந்த பிறகு நானா வந்தார். எஹலியகொடையில் சைக்கிள் கடை வைத்திருக்கும் முஸ்லிம். அண்ணனோடு ரேஸ் ஓடியவர். முஸ்லிம்கள் அண்ணனைக் கூப்பிடுவதுபோல், நாங்கள் எல்லோரும் அவரை நானா என்றுதான் கூப்பிடுவோம். கிளப்பில் புதிதாகச் சேர்ந்த பையன்களுக்கு அந்த மெஷின் உதவும், தருவீர்களா என்று கேட்டார். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

"கொண்டு போங்க நானா," என்றேன்.

அவர் சேலையை விலக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஒரு விசயம் தங்கச்சி. இது பிழையாக் காட்டுதுண்டு அவனே சென்னான். மொதல்ல அதப் பாத்துட்டுத்தான் கொண்டுபோக ஏலும். புள்ளையள் இத நம்பித்தானே மிதிக்கப் போறாங்க."

"எப்படிப் பாக்கிறது?"

"வாட் காட்டுற பெடல் ஒண்டு இரிக்கி. கொழும்புல ஒருத்தர்ட்ட கேட்டுக் கொண்டுவாறேன். பெடல் ஒரு கணக்குச் செல்லும், மெஷின் ஒரு கணக்குச் செல்லும். ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பாக்கோணும்."

"ரெண்டும் ஒன்னா இருக்கணுமா?"

"ஒண்டா இரிக்க வேணுமுண்டு இல்ல. மெஷின் கொஞ்சம் கொறயக் காட்டினாலும் பரவால்ல. ஆனா எப்பவும் அதே அளவுதான் கொறயோணும். இண்டைக்கு அஞ்சு, நாளைக்கு முப்பதுண்டு கொறஞ்சா, அதுதான் பொய்."

எனக்கு அது சட்டென்று விளங்கியது. கார்மென்ட்ஸில் என் வேலையும் அதுதான். ஒரே சைஸ் சட்டையின் கழுத்துப் பட்டியை நாள் முழுக்க அளந்து பார்ப்பேன். அளவு ஒரே மாதிரி வந்துகொண்டே இருக்கிறதா என்பதுதான் கேள்வி. ஒன்று கூடி ஒன்று குறைந்தால் எங்கோ ஒரு மெஷின் ஆடுகிறது என்று அர்த்தம்.

"நானே பாக்கிறேன் நானா," என்றேன்.

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். நான் ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கே அப்போது தெரியவில்லை. அந்த மெஷின் பொய் சொன்னதா இல்லையா என்பதை வேறு யாரோ பார்த்து எனக்குச் சொல்வதை நான் விரும்பவில்லை, அவ்வளவுதான்.

பெடலை மாட்டி, என் போனில் மெஷினை இணைத்து, சீட்டை என் உயரத்துக்கு இறக்கிக் கொடுத்துவிட்டு நானா போனார். வேலை விட்டு வந்து முகம் கழுவியதும் நான் ஏறுவேன். அம்மா சமையல் செய்யும் குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள்.

என்னால் எண்பது வாட்டுக்கு மேல் நீடித்து மிதிக்க முடியவில்லை. சோதனைக்கு அது போதும் என்று நானா சொல்லியிருந்தார். மெஷின் குளிர்ந்திருக்கும்போது ஒரு கணக்கு, பத்துப் பதினைந்து நிமிஷம் ஓடிச் சூடான பிறகு ஒரு கணக்கு. தொடங்கியவுடன் மெஷினும் பெடலும் கொஞ்சம் முன்பின்னாக இருந்தன. சூடு ஏறியதும் இரண்டும் படிந்துவிட்டன. மெஷின் இரண்டு மூன்று வாட் குறைவாகக் காட்டியது, அந்த இடைவெளி மாறாமல் இருந்தது. முதல் இரண்டு நாளும் அப்படியே.

மூன்றாம் நாள், மழை இருட்டிக்கொண்டு வந்த நேரம், என் காலுக்குக் கீழே பெடல் திடீரென்று கனத்தது.

நான் போனைத் தொடவில்லை. பாரத்தைக் கூட்டவில்லை. சேற்றில் கால் புதைந்ததுபோல் பெடல் பாதியில் நின்றது. எழுந்து நின்று முழு உடம்பையும் போட்டு மிதித்தேன். அது இன்னும் கேட்டது. திரையில் எண் நூற்றைம்பதுக்கு ஏறியது. ஒரு நிமிஷம் இருக்கும். பிறகு யாரோ கையை எடுத்ததுபோல் பெடல் லேசாகி, கால் வெறுமனே சுழன்றது. நான் மூச்சு வாங்கி முடிப்பதற்குள் மறுபடியும் கனத்தது.

இறங்கிவிட்டேன். பலகைச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து அத்தையின் குரல் வந்தது.

"புள்ள, நீதானே ஓட்டுன?"

"நான்தான் அத்தே."

அத்தை பலகைக்குக் கிட்ட நகர்ந்து வருவது கேட்டது. பிறகு சொன்னாள்: "நீ ஓட்டுற சத்தம் எனக்குத் தெரியும். நடுவுல அவன் சத்தம் கேட்டுச்சு."

அடுத்த நாள் மெஷினின் பிளக்கைக் கழற்றி மாட்டினேன். சக்கரத்தை ஓயவிட்டுச் சரிபார்த்தேன். அண்ணன் செய்ததையெல்லாம் ஒவ்வொன்றாக நானும் செய்தேன் என்று பிறகுதான் உறைத்தது. அரை மணி நேரம் ஒழுங்காக ஓடியது. பிறகு அதே நேரத்துக்கு, அதே மாதிரி, கனம். ஒரு நிமிஷம் பாரம், அரை நிமிஷம் ஓய்வு, மறுபடியும் பாரம். அந்தத் தாளம் எனக்குப் பழக்கமானது. அண்ணன் மிதிக்கும்போது இந்தப் பலகைக்குப் பின்னால் உட்கார்ந்து பாடம் படித்தவள் நான். அவன் இப்படித்தான் ஏறுவான், இப்படித்தான் மூச்சு விடுவான், இப்படித்தான் மறுபடி ஏறுவான்.

பேய் பிசாசில் நம்பிக்கை இல்லை என்று சொல்லிக்கொண்டு திரிந்தவள் நான். அன்றைக்கு என் முதுகுப் பக்கம் திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. "அண்ணே" என்று மெதுவாகக் கூப்பிட்டுப் பார்த்தேன். கூப்பிட்ட பிறகுதான், பதில் வந்தால் என்ன செய்வேன் என்ற பயம் பிடித்தது. இறங்கி ஓடிப்போய்க் குசினிக் கதவைத் தள்ளினேன்.

அம்மா அடுப்புக்கு முன்னால் குந்தியிருந்தாள். கையில் அண்ணனின் போன். வெளிச்சம் அவள் முகத்தில் விழுந்திருந்தது. அந்தப் போன் அவனோடு போய்விட்டது என்றே நான் நினைத்திருந்தேன்.

"என்னாம்மா இது?"

அம்மா அதை முந்தானைக்குள் மறைக்கப் பார்த்தாள். பிறகு நீட்டினாள். "அவன் மூஞ்சியப் பாக்கத்தான் தொறந்தேன். தெனமும் சார்ஜ் போட்டு வச்சிருக்கேன். செத்துப்போகக் கூடாதில்ல."

திரையில் பயிற்சிக்கு அவன் வைத்திருந்த செயலி திறந்திருந்தது. மேலே வட்டத்துக்குள் அவன் படம். ஹெல்மெட் போட்டு, வெயிலில் கண்ணைச் சுருக்கிச் சிரித்தபடி. கீழே நிறக் கட்டங்கள் ஏறியிறங்கிப் போய்க்கொண்டிருந்தன.

"இந்தச் செவப்புப் பொத்தான அமுக்குனா அவன் படம் பெருசா வருது, நேத்துத்தான் கண்டுபுடிச்சேன்," என்றாள் அம்மா. அவளுக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. நான் வாசித்தேன். விட்ட இடத்திலிருந்து தொடரவா என்று அது கேட்கிறது. அம்மா நேற்றும் இன்றும் ஆமென்று சொல்லியிருக்கிறாள்.

அந்த மெஷின் ஒரே நேரத்தில் இரண்டு போன்களுக்குக் கட்டுப்படும், அவனுடைய போனும் அதை மறக்கவில்லை. திறந்தவுடன் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து மெஷினைப் பிடித்துக்கொண்டு, கடைசி நாளன்று அவன் பாதியில் விட்டு இறங்கிய பயிற்சியை நடத்தத் தொடங்கியிருக்கிறது. என் காலுக்குக் கீழே கனத்தது அவன் முடிக்காத மிச்சம்.

நான் அதை அம்மாவுக்கு விளக்கினேன். அவள் போன் திரையை முந்தானையால் துடைத்தாள். பிறகு, "அவ்ளோ பாரமாவா இருந்துச்சு?" என்று கேட்டாள்.

"என்னால மிதிக்க முடியலம்மா."

"அவனாலயும் முடியலதானே," என்றாள்.

போனை அணைத்துவிட்டு அந்த வாரம் முழுக்க மிதித்தேன். மெஷின் ஒரு முறையும் தவறவில்லை. காலையில் மிதித்தாலும் பின்னேரம் மிதித்தாலும், மழையிலும் புழுக்கத்திலும், சூடான பிறகு அதே இரண்டு மூன்று வாட் இடைவெளி. ஞாயிற்றுக்கிழமை நானா வந்து தானும் ஏறி, வியர்த்து வழிய மிதித்துப் பார்த்தார். என் மூன்று மடங்கு பலம் அவருக்கு. அங்கேயும் இடைவெளி பெரிதாக மாறவில்லை.

துண்டால் முகத்தைத் துடைத்தபடி அவர் படியில் உட்கார்ந்தார். "நல்ல மெஷின் தங்கச்சி. ஒரு பிழையும் இல்ல."

"அப்ப அன்னைக்கு மட்டும் பிழையா காட்டியிருக்குமா? பிறகு தானா சரியாகியிருக்குமா?"

அவர் ரப்பர் மரங்களுக்கு மேலே ஏறிவரும் மேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரோட்டுலயும் அவன் பின்னுக்குத்தான் வந்தான்," என்றார் கடைசியில். "கேகாலப் பக்கம் ஒரு மேடு இரிக்கி, நாங்க எப்பவும் ஏறுறது. எப்பவும் அவன் எங்களுக்கு முன்னால போய் உச்சியில ஒக்காந்து சிரிச்சிட்டு இரிப்பான். அந்த வருசம் நாங்க நிண்டு பாத்துட்டு இருந்தோம். எதிர்க்காத்துண்டு சென்னான். டயர் சரியில்லண்டு சென்னான். நாங்களும் ஆமாண்டோம்."

அவர் அழுதார் என்று சொல்லமுடியாது. துண்டை முகத்திலிருந்து எடுக்கவில்லை, அவ்வளவுதான்.

அவர் போன பிறகு அண்ணனின் போனை எடுத்து, அவனுடைய சோதனைகள் ஒவ்வொன்றையும் பார்த்தேன். வாரா வாரம் எண் இறங்கியிருந்தது. நெஞ்சுத் துடிப்பு இறங்கவில்லை. அதே துடிப்பு, அதே இருபது நிமிஷம், அதே மனிதன். அவன் பொய் என்று சொன்ன ஒவ்வொரு எண்ணும் உண்மை. யாருக்கும் புரியாத பாஷையில் அந்த இரும்பு வாரா வாரம் அவனுக்குச் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது. அவன் அதன் வாயைத் திருத்துவதற்குச் சங்கிலி மாற்றியிருக்கிறான், ஸ்டெபிலைசர் வாங்கியிருக்கிறான்.

குசினிக்குப் போய் அம்மாவிடம் சொன்னேன். "மெஷின் சரியாத்தாம்மா இருக்கு. அது அவன ஒன்னும் செய்யல."

"அப்ப யாரு செஞ்சா?"

"அவனுக்கு நெஞ்சுல கோளாறு இருந்திருக்கு. டாக்டர் அன்னைக்கே சொன்னாரு. நம்மளையும் வந்து காட்டச் சொன்னாரு."

"எனக்கு ஒன்னுமில்ல. முப்பது வருஷமா இந்த மலையெல்லாம் ஏறிப் பால் வெட்டுனவ நான்."

"அவனும் எனக்கு ஒன்னுமில்லன்னுதான் சொன்னான்."

அம்மா அடுப்பை ஊதிக்கொண்டே இருந்தாள். புகை போன பிறகும் ஊதினாள். "எப்ப போகணும்?" என்று மட்டும் கேட்டாள்.

ரத்தினபுரியில் பெரிய ஆஸ்பத்திரி. கிளினிக் நாள் கிடைத்ததும் முதல் பஸ்ஸில் போனோம். முதலில் என்னைப் படுக்க வைத்து, நெஞ்சில் குளிர்ந்த பசையைத் தடவி, ஒரு கருவியை வைத்து அழுத்தினார்கள். திரையில் என் இதயம் கறுப்பும் வெள்ளையுமாகத் திறந்து மூடிக்கொண்டிருந்தது. நான் அதைப் பார்க்காமல் டாக்டரம்மாவின் முகத்தையே பார்த்தேன். அவள் முகம் மாறவில்லை. இப்போதைக்கு ஒன்றும் தெரியவில்லை, ஆனால் இது வயது போன பிறகும் வரலாம், அதனால் குறித்த காலத்துக்கு ஒருமுறை வந்து காட்டிக்கொண்டே இருக்க வேண்டும் என்றாள்.

பிறகு அம்மா. நான் திரைச்சீலைக்கு இந்தப் பக்கம் நின்றேன். எனக்கு எடுத்ததைவிட நேரம் எடுத்தது. டாக்டரம்மா சிங்களத்தில் கேட்டாள், மேடு ஏறும்போது மூச்சு வாங்குமா, தலை சுற்றுமா என்று. அம்மாவும் சிங்களத்திலேயே பதில் சொன்னாள். எல்லோருக்கும் வாங்கும்தானே மிஸ், நின்று நின்றுதான் ஏறுவேன், மரத்துக்கு மரம் நிற்கிற வேலைதானே, ஒருவருக்கும் தெரியாது என்றாள்.

அம்மாவின் இதயத் தசையும் தடித்திருந்தது. அண்ணனுடைய அளவுக்கு இல்லை. மாத்திரை தந்தார்கள். பாரம் தூக்கக் கூடாது, வேகமாக மேடேறக் கூடாது என்றார்கள். டாக்டரம்மா எல்லாவற்றையும் பொறுமையாகச் சொன்னாள். இது பிறப்பிலேயே வருவது, பெற்றவரிடமிருந்து பிள்ளைக்குப் போகலாம், போகாமலும் இருக்கலாம், இதில் யாருடைய குற்றமும் இல்லை என்றாள். அம்மா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள்.

திரும்பி வரும்போது ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தாள். பஸ் குருவிட்டையைத் தாண்டியது. மழைத் தண்ணீர் கண்ணாடியில் வழிந்து அவள் தோளை நனைத்தது. நகரச் சொன்னேன், நகரவில்லை.

"நான் மெஷின ஏசுனேன்," என்றாள்.

"பரவாயில்லம்மா."

"என்கிட்டயிருந்துதான் அவனுக்குப் போயிருக்கு."

"அப்படிச் சொல்லாதீங்க. டாக்டரம்மா சொன்னதக் கேட்டீங்கதானே."

"கேட்டேன்." பிறகு தனக்குத்தானே பேசுவதுபோல் சொன்னாள்: "எனக்குக் கால் நின்னு நின்னு ஏறச் சொல்லிச்சு. நான் நின்னேன். அவன நிக்கச் சொல்ல ஆளில்லாம போச்சு."

முன்சீட்டில் இருந்த சிங்களப் பெண்மணி திரும்பிப் பார்த்துவிட்டு, என்ன ஏதென்று தெரியாமலே ஆரஞ்சு மாதிரியான ஒரு தோடம்பழத்தை அம்மாவின் மடியில் வைத்தாள். அம்மா அதை வீடு வரைக்கும் கையில் பிடித்துக்கொண்டே வந்தாள்.

அடுத்த வாரம் நானா ஒரு வேனில் வந்து மெஷினை ஏற்றினார். அம்மா அன்றைக்கு உள்ளே போகவில்லை. போர்த்தியிருந்த சேலையால் அதன் தூசியைத் துடைத்துக் கொடுத்தாள். வேன் கதவைச் சாத்தும்போது நானாவிடம் சொன்னாள்: "தம்பி, யாராவது புள்ள வந்து மெஷின் கொறச்சுக் காட்டுதுன்னு சொன்னா, மெஷினப் பாக்காதீங்க. புள்ளையக் கூட்டிக்கிட்டு டாக்டர்கிட்ட போங்க." நானா நெஞ்சில் கை வைத்து, சரி என்றார். இப்போது கிளப்பில் சேர வருகிறவர்களை முதலில் இதயப் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டுத்தான் ஏற்றுகிறார் என்று கேள்விப்பட்டேன்.

லயத்துக்காரர்கள் மறுபடியும் எங்கள் வாசல் வழியாகப் போகிறார்கள். இஸ்தோப்பில் நான் ஒரு கட்டில் போட்டிருக்கிறேன். அத்தைக்குச் சத்தம் எதுவும் கேட்பதில்லை.

எனக்குக் கேட்கிறது. ஆனால் அது வேறு சத்தம். காலையில் அம்மா, மலைத்தண்ணீர் வந்து விழும் பீலியிலிருந்து தண்ணீர் எடுத்துக்கொண்டு படியேறி வருவாள். நான் எடுத்து வருகிறேன் என்றால் கேட்பதில்லை. அரை வாளிதானே, எனக்கும் கால் மரத்துப்போகாமல் வழங்க வேண்டாமா என்பாள். நான் தலை சீவிக்கொண்டோ, சாப்பாடு கட்டிக்கொண்டோ உள்ளே நிற்பேன். கல்படியில் அவள் கால் வைக்கும் சத்தம் கேட்கும். ஒன்று, பிறகு ஒன்று. எங்காவது அது நின்றுவிட்டால் என் கையும் நின்றுவிடும். சீப்பு முடியிலேயே மாட்டிக்கொண்டிருக்கும். மூச்சு வாங்க நிற்கிறாள், டாக்டரம்மா சொன்னபடிதான் நிற்கிறாள் என்று எனக்கே சொல்லிக்கொள்வேன். அடுத்த அடி விழும் வரை கதவைத் திறக்க மனம் வராது. என் மணிக்கட்டை நானே பிடித்துக்கொண்டு நிற்பேன்.

நேற்றுக் காலையில் அந்த நிறுத்தம் வழக்கத்தைவிட நீண்டது. பொறுக்கமுடியாமல் வெளியே ஓடினேன். அம்மா பாதிப் படியில் வாளியை இறக்கி வைத்துவிட்டு, இடுப்பில் கை வைத்தபடி, வாழைமரத்தில் குலை தள்ளியிருப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் முகம் சுளித்தாள்.

"என்னாடி அப்படி ஓடி வாற? பஸ்ஸு போயிரும், போ."

நான் இறங்கிப் போய் வாளியைத் தூக்கிக்கொண்டேன். அவள் எனக்கு முன்னால் ஏறினாள். நான் ஒரு படி பின்னால், அவள் கணுக்காலைப் பார்த்தபடி ஏறினேன்.